தேர்வு எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு

திருச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருடங்களுக்கு முன்பு தைத்த துணியைக் கொடுக்க ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் பார்வையற்ற மாணவி ஒருத்தி ஒரே எண்ணுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருந்தாள். பத்து மணிக்குத் தேர்வு. எழுதித் தர ஒப்புக்கொண்டவர் வரவில்லை. நான் பிளஸ் டூ படித்திருக்கிறேன் என்றதும் என்னை உள்ளே அழைத்துப்போய் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அன்று தொடங்கியதுதான்.

இந்த வேலைக்கு அரசுத் தாள்களில் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். மாணவர்கள் ஸ்க்ரைப் என்பார்கள். கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் படித்தால் மட்டும் போதாது, படித்ததை எழுதிக் காட்டவும் வழி வேண்டும். அந்த வழியில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. நீங்கள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படிப்பு பொருந்துமா என்று பாருங்கள். மாணவரே ஆளை அழைத்துவந்தால், அந்த ஆள் மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. பட்டப்படிப்புத் தேர்வுக்கு என் பிளஸ் டூ சரியாகப் பொருந்தியது இப்படித்தான். விதிகள் மாறுகின்றன, தேர்வுக்குத் தேர்வு வேறுபடுகின்றன. அந்தந்தத் தேர்வின் அறிவிப்பை மாணவருடன் உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ் நகல், நாலைந்து புகைப்படங்கள் எப்போதும் ஒரு உறையில் தயாராக இருக்கட்டும். பக்கத்துக் கல்லூரியிலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ பெயரையும் எண்ணையும் கொடுத்து வையுங்கள். ஒரு மாணவருக்கு எழுதினால் போதும், அடுத்த பருவத்தில் அவருடைய நண்பர்கள் தாங்களே அழைப்பார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் மாணவரைக் கட்டாயம் ஒருமுறை சந்தியுங்கள். அவர் சொல்லி நீங்கள் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். சிலர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்வார்கள், சிலர் மூச்சு விடாமல் ஒரு பத்தியே சொல்லிவிடுவார்கள். காற்புள்ளியை வாய்விட்டுச் சொல்வாரா, நிறுத்தினால் புரிந்துகொள்ள வேண்டுமா என்று பேசி வையுங்கள். தமிழ்த் தாளில் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும். ளகரமா ழகரமா என்று காதுக்குத் தெளிவாகாத இடத்தில் கேட்டுவிடுங்கள். யாப்புக் கேள்விக்குத் தனியாகப் பழக வேண்டும். அலகிடுவது என்றால் செய்யுளின் சீரை அசை பிரித்து வாய்பாடு எழுதுவது. நானும் ஒரு மாணவனும் அதற்கு மூன்று கட்டங்கள் என்று முன்பே முடிவு செய்துகொண்டோம். சீரைச் சொல்வான், பிறகு 'நேர் நிரை' என்பான், பிறகு 'கூவிளம்' என்பான். நான் இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போவேன். கோடு போடும் நேரம்கூட அவன் கணக்கில் இருந்தது.

தேர்வறையில் வினாத்தாளை முழுவதும் ஒருமுறை மதிப்பெண்களோடு படியுங்கள். 'அல்லது' என்று வரும் இடத்தில் இரண்டு கேள்விகளையும் படியுங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் உங்கள் குரலைக் கவனியுங்கள். விடை தெரிந்துவிட்டால் அந்த ஒரு சொல்லில் நம்மை அறியாமல் குரல் அழுத்தும். நான்கையும் ஒரே சுருதியில் படிக்கப் பழகுவதற்கு எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். ஒரு மாணவன் தொல்காப்பியத்தைப் பற்றி எழுதச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று அதிகாரங்கள், இருபத்தாறு இயல்கள் என்றான். அதிகாரத்துக்கு ஒன்பதாக 27 இயல்கள். அவனுக்காகப் பாடத்தைக் குரலில் பதிந்து கொடுத்தவளே நான்தான், அதனால் தெரியும். 27 என்று எழுதிவிட்டேன். கடைசியில் வாசித்துக் காட்டச் சொன்னான். அந்த வரி வந்ததும் கையைத் தூக்கினான்.

"நான் இருபத்தாறு என்று சொன்னேன், அக்கா."

"இருபத்தேழுதான் சரி தம்பி."

"இருக்கட்டும். அடித்துவிட்டு நான் சொன்னதையே எழுதுங்கள். தப்பென்றால் அது என் தப்பாக இருக்கட்டும்."

அடித்துவிட்டு எழுதினேன். என் கை நடுங்கியது. ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்து அவனுடைய முழு விடைத்தாளையும் நான் எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன் என்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில்தான் புரிந்தது. உதவி என்ற பெயரில் நுழைகிற இந்த ஆசையை முளையிலேயே கிள்ளுங்கள். அவர் சொன்னதை, சொன்னபடி எழுதுங்கள்.

நேர விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம். மூன்று மணி நேரம் முடிந்ததும் தாளைக் கேட்ட கண்காணிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். உத்தரவின் நகல் மாணவரிடம் இருக்கட்டும், அவரே எடுத்துக் காட்டிப் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். "இவருக்குக் கூடுதல் தாள் வேண்டுமா?" என்று உங்களைப் பார்த்துக் கேட்பார்கள். "அவரையே கேளுங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். மூன்றாவது நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்குவார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான்கு மணி நேரம் விரல் வலிக்க எழுதலாம்.

அறைக்குப் போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். படி வந்தால் ஏறும் படியா இறங்கும் படியா என்று சொன்னால் போதும். வெள்ளைக் கோலைத் தொடாதீர்கள்.

பணம் சில தேர்வுகளில் நிர்வாகமே தரும். மாணவரிடம் நான் வாங்குவதில்லை.

ஒப்புக்கொண்டபின் வராமல் இருப்பதுதான் மன்னிக்க முடியாதது. காய்ச்சல் வரலாம், வீட்டில் சாவு நேரலாம். அவசரத்தில் ஆளை மாற்ற விதியில் இடம் இருக்கிறது, ஆகவே மாற்று ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லாத் தாளையும் ஒருவரே எழுத வேண்டியதில்லை. என்னுடைய ஆங்கிலம் போதாது என்பதால் ஆங்கிலத் தாள்களை எதிர்வீட்டுப் பெண் எழுதுகிறாள். பிளஸ் டூ முடித்தவள், முதல் நாள் பயந்துகொண்டே வந்தாள். இப்போது என்னைவிட வேகமாக எழுதுகிறாள்.

நவம்பரில் அடுத்த பருவத் தேர்வு. மூன்று மாணவர்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன், இருவரின் தாள்கள் ஒரே நாளில் மோதுகின்றன. அதில் ஒரு காலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். வரலாற்றுத் தாள், தமிழ்வழி. பிளஸ் டூ படித்தவர், கையெழுத்து படிக்கும்படி இருந்தால் போதும்.