‘கருத்து வரவேற்கப்படுகிறது’: அமெரிக்க அரசுக்கு எழுதும்போது செய்யக்கூடாதவை

அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். ‘கிரீன் கார்டு படிவத்திலும் இனி ஃபேஸ்புக் கணக்கைக் கேட்கப் போகிறார்களாம். எதிர்ப்புத் தெரிவிக்க நாலு நாள்தான் பாக்கி. கீழே இருப்பதை அப்படியே காப்பி செய்து போடுங்கள்.’ உடனே ஐம்பது, நூறு பேர் போட்டுவிடுவார்கள். போட்டதற்கு ஸ்கிரீன்ஷாட்டும் குழுவில் வந்து விழும். அந்த நூறும் அரசுக் கோப்பில் ஒரே கருத்தாகச் சுருங்கி, ஒரு பத்திப் பதிலோடு முடிந்துபோகும்.

செய்தி பொய்யல்ல. குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறை 2025 மார்ச் 5 அன்று, அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் அப்படியோர் அறிவிப்பை வெளியிட்டது. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்), என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) உள்ளிட்ட படிவங்களில் சமூக ஊடகக் கணக்கின் பெயரைக் கேட்கப்போவதாகச் சொல்லி, கருத்துத் தெரிவிக்க 60 நாள் அவகாசம் கொடுத்தது. அதே அரசிதழில் இன்னொரு வகை அறிவிப்பும் அடிக்கடி வரும். ஆற்றைக் கெடுத்த ஆலையோடு அரசு இன்ன தொகைக்குச் சமரசம் செய்துகொள்ளப் போகிறது, 30 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்பது.

இரண்டுக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். குடியுரிமை தேவையில்லை, வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஆனால் நம்மவர்களில் பலர், ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் குறைதீர்ப்பு மனுவை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மனுவில் கஷ்டத்தைச் சொல்லி, ‘ஆவன செய்யும்படி’ கேட்டுக்கொள்வோம். அதைக் கேட்கிற இடம் இதுவல்ல. அதிகாரி பதில் எழுதியே ஆகவேண்டிய ஒரு விஷயத்தைக் கோப்பில் ஏற்றுவதுதான் இங்கே வேலை.

தலைக்கணக்கை நம்புவது

எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை வைத்து இங்கே எதுவும் முடிவாவதில்லை. மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கில் 2001 நவம்பரில் அரசு சமரசத்துக்கு வந்தபோது, 1974ஆம் ஆண்டின் டன்னி சட்டப்படி 60 நாள் கருத்துக் கேட்டார்கள். 32,000க்கும் மேல் வந்து குவிந்தன. அவற்றில் விரிவானவை என்று நீதித்துறை (நீதிமன்றமல்ல, அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் துறை) தனியே எடுத்து வைத்தவை 47. மற்றவற்றில் பெரும்பகுதி ‘சமரசம் கூடாது’ என்றோ ‘நல்ல முடிவு’ என்றோ சொல்லிவிட்டு, ஏன் என்று சொல்லாதவை. இத்தனைக்கும் அந்தக் கருத்துக்கேட்பு வீணாகவில்லை. வந்த கருத்துகளைப் பார்த்த பிறகு 2002 பிப்ரவரியில் சமரசத்தின் சில ஷரத்துகளைத் திருத்தினார்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தையே பிடித்துக்கொண்டு, இந்த ஷரத்தில் இப்படியொரு ஓட்டை இருக்கிறது என்று காட்டியவர்கள் எழுதியதற்குத்தான் அங்கே கனம் இருந்தது.

தலைக்கணக்கு மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2017இல் பார்த்தோம். எல்லா இணையதளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்னும் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி கருத்துக் கேட்டபோது சுமார் 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2021இல் அறிக்கை தந்தது. 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் மென்பொருளை வைத்து 77 லட்சத்தை அனுப்பியிருந்தார். ஆகவே அம்மா, மாமனார், பக்கத்து வீட்டு அங்கிள் பெயரிலெல்லாம் அவர்களைக் கேட்காமல் நீங்களே போட்டுவிடாதீர்கள். பலனும் இல்லை, சட்டச் சிக்கலும் வரலாம்.

சொந்தக் கேஸைக் கொட்டுவது

‘என் ஐ-485 மூன்று வருடமாக நிற்கிறது. ரசீது எண் இது, ஏ-நம்பர் இது, தயவுசெய்து பாருங்கள்.’ குடியேற்றப் படிவ அறிவிப்புகளின் கீழே இப்படிப்பட்ட கருத்துகளைக் காணலாம். தனிப்பட்ட விண்ணப்பங்களின் நிலை பற்றி விசாரிக்கும் இடம் இதுவல்ல என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. நீங்கள் எழுதுவது உலகம் முழுக்கப் படிக்கக்கூடிய பொதுப்பதிவு. சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட் எண், வீட்டு முகவரி, குழந்தையின் பிறந்த தேதி எதுவும் அதில் இருக்கக்கூடாது. ஒருமுறை ஏறிவிட்டதை இறக்குவது பெரும்பாடு. இணைக்கும் ஆவணங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஸ்கேன் செய்த பக்கத்தின் மூலையில் இருக்கும் எண்ணை மறைக்க மறந்துவிடுகிறோம்.

கேட்காததற்குப் பதில் சொல்வது

படிவ அறிவிப்புகளுக்குப் பின்னால் இருப்பது ‘பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் ஆக்ட்’ என்னும் சட்டம். 1980இல் வந்தது, 1995இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. ஒரு மத்திய அரசுத் துறை 12 மாதத்துக்குள் 10 பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமானால், வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகமான ஓஎம்பியின் ஒப்புதல் வேண்டும். படிவத்தின் மேலே வலப்பக்க மூலையில் சின்னதாக ஓர் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்குமே, அதுதான் அந்த ஒப்புதல். என்-400க்கு 1615-0052. செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்றும் சட்டம் சொல்கிறது. நிறையப் பேர் கவனிக்காத பாதுகாப்பு இது.

இந்தச் சட்டப்படி நம்மிடம் கேட்கப்படுபவை நான்கே விஷயங்கள். இந்தத் தகவல் துறையின் வேலைக்கு உண்மையிலேயே தேவையா, பயன்படுமா? நிரப்ப இவ்வளவு நேரம் ஆகும் என்று போட்டிருக்கும் கணக்கு சரியா? கேள்விகளை இன்னும் தெளிவாக, பயனுள்ளதாக ஆக்க முடியுமா? நிரப்புகிறவரின் சுமையைக் குறைக்க வழி உண்டா? ‘இது மனித உரிமை மீறல், கண்டிக்கிறேன்’ என்று மட்டும் எழுதினால் இந்த நான்கில் எதற்கும் அது பதிலாகாது. அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘கொள்கைக்கு எதிரான பொதுக் கருத்து’ என்ற தலைப்பில் மொத்தமாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்.

என்-400ஐயே எடுத்துக்கொள்வோம். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் பொதுவாகக் கடந்த 5 ஆண்டுகளில் வெளிநாடு போய்வந்த பயணங்களை, புறப்பட்ட தேதியும் திரும்பிய தேதியுமாக அதில் எழுத வேண்டும். சென்னைக்கு வருடம் ஒருமுறை, நடுவில் அப்பாவின் ஆபரேஷனுக்காக ஒருமுறை, துபாய் வழியாக ஒரு கல்யாணம் என்று போனவர், பழைய பாஸ்போர்ட்டையும் புது பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்துக்கொண்டு மங்கிப்போன முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் தேடுவார். இதை ‘ரொம்ப சிரமம்’ என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பயணத் தேதிகளைத் திரட்ட மட்டும் இவ்வளவு மணி நேரம் ஆனது. படிவ வழிமுறையின் கடைசியில் நீங்கள் போட்டிருக்கும் மொத்த நேரக் கணக்கில் இது அடங்கியதாகத் தெரியவில்லை. நாட்டுக்குள் வந்த ஒவ்வொரு தேதியும் உங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழேயே இயங்கும் எல்லைப் பாதுகாப்புப் பிரிவிடம் இருக்கிறது. அதை நீங்களே எடுத்து நிரப்பி, விண்ணப்பதாரர் சரிபார்த்தால் போதும் என்று வைத்தால் என்ன?’

இந்த ஒரே கருத்து, நான்கில் மூன்றைத் தொடுகிறது. தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை ஏன் மறுபடி கேட்கிறோம் என்பதற்கும் அந்தத் துறை ஓஎம்பியிடம் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். அதனால் இதைத் தள்ளிவிட்டுப் போவது அவ்வளவு சுலபமில்லை. சமூக ஊடகக் கேள்விக்கும் இதே வழிதான். விசா விண்ணப்பங்களில் 5 ஆண்டுக் கணக்குகளைக் கேட்கும் வழக்கம் 2019 மே மாத இறுதியிலேயே தொடங்கிவிட்டது. ஒருமுறை விசாவுக்குக் கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பதால் என்ன பயன், மூடிப்போன கணக்கின் பெயர் நினைவில்லாதவர் என்ன எழுதுவது, குடும்பத்தார் பொதுவாக நடத்தும் யூடியூப் சானல் யாருடைய கணக்கு என்று துளைத்துக் கேளுங்கள்.

அறுபது நாளோடு கடையைக் கட்டுவது

என் கணிப்பில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். படிவ விஷயத்தில் அறிவிப்பு வழக்கமாக இரண்டு முறை வரும். முதலில் 60 நாள். அப்போது எழுதுவது அந்தத் துறைக்குப் போகும், பெரும்பாலும் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளம் வழியாக. பிறகு அந்தத் துறை, வந்த கருத்துகளைச் சுருக்கிப் பதில் எழுதி, ஓஎம்பிக்கு அனுப்பும்போது இரண்டாவது அறிவிப்பு வரும். அதற்கு 30 நாள். இந்த முறை எழுத வேண்டியது ஓஎம்பிக்கு. தளமும் வேறு, ரெஜ்இன்ஃபோ டாட் கவ். முதல் சுற்றில் ஆயிரக்கணக்கில் எழுதியவர்கள் இரண்டாவது சுற்றில் ஆளைக் காணோம் என்றாகிவிடும்.

உண்மையில் இரண்டாவது சுற்றில்தான் கையில் ஆயுதம் கிடைக்கிறது. துறை ஓஎம்பியிடம் கொடுக்கும் விளக்க ஆவணம் அந்தத் தளத்திலேயே இருக்கும். அதில் 18 கேள்விகள் வரிசையாக இருக்கும். நான்காவது, இரட்டிப்புத் தகவல் பற்றியது. எட்டாவது, மக்கள் கருத்துக்குத் துறை சொன்ன பதில். பன்னிரண்டாவது, நேரக் கணக்கு. முதலில் எட்டைப் படியுங்கள். நீங்கள் எழுப்பிய கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்திருந்தால், ‘நான் கேட்டது இது, துறை சொன்ன பதில் இது, இதில் விடை இல்லை’ என்று ஓஎம்பிக்கு மூன்று பத்தி எழுதினால் போதும்.

இதையும் தவறவிட்டவர்களுக்கு ஒரு ஆறுதல். ஒப்புதல் அதிகபட்சம் 3 ஆண்டுதான் செல்லும். அதற்குள் அந்தப் படிவம் மறுபடியும் மக்கள் முன் வந்தாக வேண்டும்.

சமரச அறிவிப்பில் திட்டத்தைப் பற்றிப் பேசுவது

நியூஜெர்சியில் நம்மவர்கள் ஏராளம். அவர்களில் பலர் ரயிலில் நூவர்க்கைத் தாண்டும்போது பார்க்கிற பசேயிக் ஆற்றின் அடிச்சேற்றில் டையாக்ஸின் என்னும் நச்சுப்பொருள் படிந்திருக்கிறது. 1950, 60களில் டயமண்ட் அல்கலி ஆலையில் ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லி தயாரித்ததன் மிச்சம். ஆற்றின் கீழ்ப்பகுதி 8.3 மைலைச் சுத்தம் செய்ய 138 கோடி டாலர் ஆகும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் கணக்கிட்டது. மேல்பகுதிக்கு 2021இல் மேலும் 44 கோடி. இந்தச் செலவுக்காக 85 நிறுவனங்கள் சேர்ந்து 15 கோடி டாலர் கொடுக்கும் சமரசம் 2022 டிசம்பரில் நீதிமன்றத்தில் தாக்கலானது.

இந்த மாதிரி அறிவிப்பைப் பார்த்ததும், ‘ஆற்றங்கரையில் நண்டு பிடிக்கிறார்கள், எச்சரிக்கைப் பலகை போதாது, இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்’ என்று எழுதத்தான் கை போகும். எல்லாம் நல்ல யோசனைகளே. ஆனால் எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்குக் கருத்துக் கேட்ட காலம் வேறு; அது திட்ட வரைவு வெளியானபோதே முடிந்துவிட்டது. சமரச அறிவிப்பின் கேள்வி, யார் எவ்வளவு கொடுப்பது என்பது மட்டுமே. அங்கே எடுபடக்கூடிய கேள்விகள் வேறு. பங்கை எந்த அடிப்படையில் பிரித்தார்கள்? இந்த நிறுவனத்தின் கழிவு பற்றிய பழைய ஆவணம் என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்தார்களா? பின்னாளில் செலவு கூடினால் மறுபடி கேட்கும் உரிமையை அரசு வைத்துக்கொண்டிருக்கிறதா? சமரசம் செய்துகொண்ட நிறுவனத்தின் மேல் மற்ற நிறுவனங்கள் பங்கு கேட்டு வழக்குப் போட முடியாது என்பதால், இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல.

‘முதலாளியை ஜெயிலில் போடுங்கள்’ என்பதும் இப்படித்தான். இது சிவில் வழக்கு, ஜெயில் இதன் கையில் இல்லை. நீதிபதிக்கே நேராகக் கடிதம் எழுதுவதும் வீண். கருத்து போகவேண்டிய இடம் நீதித்துறையின் சுற்றுச்சூழல் பிரிவு. அறிவிப்பில் கொடுத்திருக்கும் வழக்கு எண்ணை மேலே போடவேண்டும். சூப்பர்ஃபண்ட் வழக்குகளில், அதாவது பசேயிக் போல நச்சுக்கழிவைச் சுத்தம் செய்யும் செலவு பற்றிய வழக்குகளில், அது பெரும்பாலும் 90-11 என்று தொடங்கும். நீதித்துறை எல்லாக் கருத்துகளையும் படித்துப் பதிலோடு நீதிமன்றத்தில் வைக்கும். நீதிபதி ஒப்பந்தத்தைத் தன் கைப்படத் திருத்தி எழுதமாட்டார். ஏற்பார் அல்லது மறுப்பார். எனவே ‘இந்த ஷரத்தை மாற்றுங்கள்’ என்பதை நீதித்துறையிடம்தான் கேட்கவேண்டும். சமரசம் பொருத்தமற்றது, முறையற்றது, போதாதது என்று கருத்துகள் காட்டினால், தன் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அந்தத் துறை தன் விதியிலேயே வைத்திருக்கிறது.

பசேயிக் விஷயத்தில் வந்த கருத்துகளைப் பரிசீலித்தபின், 2024 ஜனவரியில் மூன்று நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் அரசு ஒப்புதல் கேட்டது. மீதி 82 நிறுவனங்களோடான சமரசத்தை நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்றது. தொகை குறைவு என்ற குறை பலருக்கு இன்னும் தீரவில்லை. எனக்கும் அதில் சந்தேகம் உண்டு. ஆனாலும் மூன்று பெயர்கள் நீங்கின.

சில்லறைத் தவறுகள்

செய்திக்குறிப்பு வந்த நாளிலிருந்து நாளை எண்ணாதீர்கள். அரசிதழில் வெளியான நாளே கணக்கு. இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருக்கும். ரெகுலேஷன்ஸ் டாட் கவ்வில் கடைசி நாள் என்றால் கிழக்கு நேரப்படி இரவு 11:59. கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது ராத்திரி 8:59. ஆதாரத்துக்கு வெறும் லிங்க் மட்டும் கொடுக்காமல் ஆவணத்தையே இணையுங்கள். ஏஐயிடம் எழுதி வாங்கினால், அது சொல்லும் சட்டப் பிரிவும் வழக்கும் உண்மையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அவகாசம் போதவில்லையென்றால் கூடுதல் நாள் கேட்பதில் தவறே இல்லை. சமரசங்களுக்கு 30 நாள் என்பது குறைந்தபட்சம்தான். பிபி நிறுவனத்தின் எண்ணெய்க் கசிவு வழக்கின் 2015ஆம் ஆண்டுச் சமரசத்துக்கு 60 நாள் கொடுத்தார்கள். பசேயிக்குக்கு முதலில் கொடுத்த 45 நாளைப் பிறகு இரட்டிப்பாக்கினார்கள். இணைப்புகள் எத்தனை பக்கம், எந்த ஆவணம் இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை என்று காரணத்தோடு, முதல் வாரத்திலேயே கேட்கவேண்டும்.