நம்பகமான ஏஐ ஆய்வு: மாணவரும் கைடும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மேடம், 98 பர்சென்ட் அக்யூரசி வந்திருக்கு” என்று ஆய்வு மாணவர் வந்து சொன்னால், பல கைடுகள் உடனே சொல்வது “சரி, பேப்பர் எழுத ஆரம்பி” என்பதுதான். நம்பகமான ஏஐ, அதாவது அதன் பதிலை நம்பி முடிவெடுக்கக்கூடிய ஏஐ, பற்றிய ஆய்வில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது தங்கள் ரிசல்ட்டைத்தான், அதுவும் நன்றாக வந்த ரிசல்ட்டை.

எண் ஏன் இவ்வளவு உயர்ந்தது என்று தேடினால் அடிக்கடி அகப்படுவது டேட்டா லீக்கேஜ். சோதனைக்கென்று ஒதுக்கிய டேட்டாவிலிருந்து ஏதோ ஒரு தகவல், மாடலின் (டேட்டாவிலிருந்து கற்றுக் கணிக்கும் புரோகிராமின்) பயிற்சிக்குள் கசிந்திருக்கும். சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன் இப்போது அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கணினி அறிவியல் பேராசிரியர். அவரும் அவருடைய ஆய்வு மாணவராக இருந்த சயாஷ் கபூரும் 2023-இல் வெளியிட்ட பேப்பரில், 17 துறைகளில் 294 பேப்பர்கள் இந்தக் கோளாறால் பாதிக்கப்பட்டிருப்பதைத் தொகுத்துக் காட்டினார்கள். உள்நாட்டுப் போர் எங்கே மூளும் என்று கணிக்கும் ஆய்வுகளைத் தனியே எடுத்து மறுபடி செய்தும் பார்த்தார்கள். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற பழைய, எளிய புள்ளியியல் முறையைப் புதிய சிக்கலான மாடல்கள் வெகுவாக முந்துகின்றன என்று சொன்ன பேப்பர்கள் அவை. ஒன்றில், விடுபட்ட மதிப்புகளை நிரப்பும் வேலையைப் பயிற்சி டேட்டாவுக்கும் சோதனை டேட்டாவுக்கும் சேர்த்தே செய்திருந்தார்கள். பிழைகளைத் திருத்தியதும் அந்த முன்னிலை காணாமல் போனது.

ஆகவே டேட்டாவைப் பிரிப்பதுதான் முதல் வேலை. விடுபட்டதை நிரப்புவது, டேட்டா அட்டவணையில் எந்தப் பத்திகள் தேவை என்று தேர்வது எல்லாம் அப்புறம், அதுவும் பயிற்சிப் பகுதியை மட்டும் பார்த்து. ஒரே நோயாளியின் இரண்டு எக்ஸ்ரேக்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போய்விடக் கூடாது. காலவரிசை உள்ள டேட்டாவில், பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததைக் கணிக்கக் கூடாது. “எல்லாம் சரியாகத்தான் செய்தேன்” என்று மாணவர் சொல்வதோடு கைடு விட்டுவிடாமல் புரோகிராமைத் திறந்து பார்க்க வேண்டும்.

கசிவே இல்லாத டேட்டாவும் தவறான பாடம் சொல்லித் தரும். 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணிக்க மாடல்கள் செய்தார்கள். அவற்றில் ஒன்று கற்றுக்கொண்ட விதி: ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு. உண்மையில் ஆஸ்துமா உள்ளவர்களை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். அந்த வேலையில் இருந்த ரிச் கருவானா இதை 2015-இல் விரிவாக எழுதினார். துல்லியத்தில் முந்தியிருந்தது நியூரல் நெட்வொர்க் என்ற, உள்ளே என்ன கற்றது என்று எளிதில் படிக்க முடியாத மாடல். அதை, இதே மாதிரி வேறு என்னென்ன கற்றிருக்கிறதோ என்று பயந்து, நோயாளிகளிடம் பயன்படுத்தாமல் விட்டார்கள். மருத்துவ டேட்டாவை மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஆராயத் தொடங்குவது தவறு என்பதற்கு எனக்கு இந்த ஒரு கதை போதும்.

மாடலின் முடிவுக்கு விளக்கம் தரும் கருவிகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து மாடல் முடிவெடுத்தது என்று வண்ணமிட்டுக் காட்டும் முறைகளை ஜூலியஸ் அடெபாயோவும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் சோதித்தார்கள். மாடல் கற்றதையெல்லாம் குலைத்துப் போட்ட பிறகும் சில முறைகள் ஏறக்குறைய அதே படத்தைக் காட்டின. பார்க்க நன்றாக இருக்கும் வண்ணப்படத்தைப் பேப்பரில் ஒட்டிவிட்டால் விளக்கம் ஆகிவிடாது. பெரிய பாதிப்பு உள்ள முடிவுகளுக்கு, தொடக்கத்திலிருந்தே மனிதருக்குப் புரியும் மாடலைப் பயன்படுத்துங்கள் என்று டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிந்தியா ரூடின் 2019-இல் வாதிட்டார். நான் அவர் பக்கம்.

எளிய மாடலோடு ஒப்பிடாமல் விடுவதும் இதே குடும்பத்துத் தவறுதான். டார்ட்மத் கல்லூரியில் இளநிலை மாணவியாக இருந்த ஜூலியா டிரெசல், பேராசிரியர் ஹானி ஃபரீதின் வழிகாட்டலில், அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்பட்ட காம்பஸ் மென்பொருளை ஆராய்ந்தார். குற்றவாளி மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிப்பது அதன் வேலை. ஒருவரைப் பற்றி 137 விவரங்கள் வரை எடுத்துக்கொண்ட அந்த மென்பொருளின் துல்லியம் சுமார் 65 சதவீதம். வயது, முந்தைய தண்டனைகள் என்ற இரண்டே விவரங்களோடு ஒரு எளிய மாடல் அதே அளவை எட்டியது. 2018-இல் அது பேப்பராக வந்தது. நல்ல கேள்வியோடு வரும் இளநிலை மாணவரை “முதலில் எம்டெக் முடி” என்று திருப்பி அனுப்பும் கைடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே காம்பஸை வைத்து நடந்த வாதத்தில் இன்னொரு பாடமும் உண்டு. மறுபடி குற்றம் செய்யாதவர்களில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரையே அது அதிகமாக ஆபத்தானவர் என்று தவறாகக் குறித்ததை புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2016-இல் காட்டியது. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள், எந்த இனமானாலும், ஏறத்தாழ ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள் என்று காம்பஸை உருவாக்கிய நிறுவனம் பதில் சொன்னது. இரு குழுக்களிலும் மறுபடி குற்றம் செய்வோரின் விகிதம் வேறாக இருந்தால், கணிப்பு பிழையே இல்லாததாக இருந்தாலொழிய, இந்த இரண்டு வகை நியாயமும் சேர்ந்து கிடைக்காது என்று பின்னர் கணிதமே காட்டியது. எந்த நியாயம், யாருக்கு என்று சொல்லாமல் “எங்கள் மாடல் பாரபட்சமற்றது” என்று எழுதக் கூடாது. நம் ஊர் டேட்டாவில் சாதி தனிப் பத்தியாக இல்லாமலும் இருக்கலாம். பெயர் வழியாகவும் ஊர் வழியாகவும் பின்கோடு வழியாகவும் அது உள்ளே வந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிய ஆய்வில், மாடலை ஏமாற்றும் பழைய தாக்குதல்களைத் தாங்கியதும் வெற்றி என்று அறிவித்துவிடுகிறார்கள். அனீஷ் அத்தல்யேவும், பெர்க்லி பேராசிரியர் டேவிட் வாக்னரும், வாக்னரிடம் ஆய்வு செய்த நிக்கோலஸ் கார்லினியும் 2018-இல் ஒரு மாநாட்டின் 9 பாதுகாப்பு முறைகளை எடுத்துப் பார்த்தார்கள். 7 முறைகள் ஒரே வகைப் பலவீனத்தின் மேல் நின்றிருந்தன. அவற்றில் 6 முழுதாகவும் ஒன்று ஓரளவும் உடைந்தன.

கைடு என்ன செய்யலாம்? ஒவ்வொரு மாணவரின் ரிசல்ட்டையும் உடைத்துப் பார்க்கும் வேலையை லேபில் வேறொரு மாணவரிடம் கொடுக்கலாம். கசிவைக் கண்டுபிடித்து, 98 என்ற எண் 71 ஆகிவிட்டது என்று மாணவர் சொல்லும்போது முகம் சுளித்தால், அடுத்த முறை அந்தச் செய்தி கைடின் காதுக்கு வராது. உதவித்தொகை முடியும் மாதங்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம். கண்டுபிடித்த பிழையைத் தீசிஸில் ஒரு அத்தியாயமாக்கட்டும். கபூரும் நாராயணனும் தங்கள் பேப்பரோடு மாடல் இன்ஃபோ ஷீட் என்ற படிவத்தையும் தந்திருக்கிறார்கள். கசிவு இல்லை என்பதற்கான வாதத்தை ஆய்வாளரே அதில் எழுத வேண்டும். பேப்பரை அனுப்புவதற்கு முன், மாணவரும் கைடும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பலாம்.