பெங்களூரில் தெருவுக்கு ஒரு பழத்தோப்பு: குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே கன்று வாங்குங்கள்

ஜீவன்பீமா நகரில் எங்கள் தெருமுனைப் பூங்காவை ஒட்டிக் காலியாகக் கிடந்த நிலத்தில் பதினான்கு பழக்கன்றுகள் வைத்தோம். முதல் ஆண்டிலேயே ஐந்து பட்டுப்போயின. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுதாகத் தேவைப்பட்டது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் குழி வெட்டிய எங்களை, புதிதாக மாறிவந்த அதிகாரி ஒரே வாரத்தில் நிறுத்திவைத்தார்.

அடுத்தது, எந்த மரம்? அரிய பழம் என்றதும் எல்லோரும் மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் என்று ஆரம்பிப்பார்கள். அவை ஈரக்காற்று கேட்பவை. பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரின் வறண்ட காற்றில் இலை நுனி கருகி நிற்கும். என் கட்சி வேறு: நம் பாட்டிமார் பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற விளாம்பழம், களாக்காய், அரநெல்லி, கொடுக்காப்புளி ஆகியவைதான் இன்று நகரத்தில் அரியவை. இவற்றோடு தேவனஹள்ளி சக்கோத்தா ஒன்றாவது வையுங்கள். நம் பம்பளிமாஸ்தான், புவிசார் குறியீடு பெற்ற ரகம். அயல்நாட்டு ஆசை விடவில்லை என்றால் வெண்ணெய்ப்பழம் போதும், இந்த உயரத்துக்கு நன்றாக வருகிறது. நாவலுக்கு முப்பதடி இடைவெளி விடுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வெள்ளைக் கார் வைத்திருப்பவரின் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, எங்களைக் கவிழ்த்த இடம். மூன்றடி ஆழம், மூன்றடி அகலத்தில் குழி வெட்டி, தொழுவுரம் போட்டுக் கன்றை வைத்துவிட்டோம். ஜூலையில் நல்ல மழை. வெண்ணெய்ப்பழக் கன்றின் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினோம்! பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கறுத்து அழுகியிருந்தது. குழியின் அடியைக் கடப்பாரையால் தட்டினால் 'ணங்' என்றது. பழைய கட்டட இடிபாட்டைக் கொட்டி மேலே செம்மண் பரப்பியிருக்கிறார்கள். தளக்கல், ஓட்டுச்சில்லு, காரைக்கட்டி எல்லாம் வந்தன. பிழைத்திருந்த சக்கோத்தாவின் இளம் இலைகளோ நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாக இருந்தன. அது காரையின் வேலை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

ஆகவே கன்று வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். குழியை வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறியுங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நல்ல இடம். இறங்கவில்லையா? அடியைக் கடப்பாரையால் உடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் குழியை மூடி, அதன் மேல் ஒன்றரை அடி உயரம், ஐந்தடி அகலத்தில் மண்மேடு கட்டி அதில் நடுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் குழிதோண்டும் இயந்திரத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஈரமண்ணில் அது குழியின் சுவரைப் பானைபோல் வழவழப்பாக்கிவிடும்; வேர் உள்ளேயே சுற்றிவரும்.

ஜூன் மழை தொடங்கியதும் நடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் தரைக்கு மேலே நான்கு விரலாவது இருக்கவேண்டும். சுற்றிலும் சருகு மூடாக்கு, தண்டை விட்டு ஒரு சாண் தள்ளி.

தண்ணீருக்குக் குழாயை நம்பாதீர்கள். 2024 மார்ச் தட்டுப்பாட்டில், தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. பக்கத்து அடுக்குமாடியில் சுத்திகரித்த கழிவுநீர் தினமும் வீணாகப் போய்க்கொண்டிருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். வாரம் இருமுறை, கன்றுக்கு ஒரு வாளி. முறை வைத்து ஊற்றுகிறோம். மாடிவீட்டு மாமி தன் முறையைத் தவறவிட்டதே இல்லை. என் பெயருக்கு நேராகத்தான் இரண்டு சிவப்புக் கோடு.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் சக்கோத்தா திடீரென்று வேகமாக வளர்வதாகவும் முள் அதிகமாகிவிட்டதாகவும் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. சக்கோத்தா இலையின் காம்பில் இன்னொரு குட்டி இலை ஒட்டியதுபோல் அகன்ற சிறகு இருக்கும். அவருடைய புதுக்கிளையில் அது இல்லை. ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியான (சக்கோத்தாவை ஒட்டுவதற்கு அடியில் வைத்த செடி) புளிப்பு எலுமிச்சையிலிருந்து கிளம்பிய துளிர் அது. மேலே இருக்கும் நல்ல ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். உங்கள் கன்றிலும் இன்றே குனிந்து பாருங்கள். பிஞ்சுத் துளிர் என்றால் கத்தரி கூட வேண்டாம், விரலாலேயே அடியோடு பிய்த்துவிடலாம்.