மைக்கை மூடிவிட்டு நம்பரைக் கொடுக்கிறோம்

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கலாம் என்று ஒரு நாள் ராத்திரி மொபைலில் தேடினேன். மறுநாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் காது மெஷின், வத்தக்குழம்புக்கு அளவு பார்க்கப் போனால் நடுவில் காது மெஷின். அம்மா போனிலும் அதே விளம்பரம். "நாம பேசறதை இது கேட்டுட்டே இருக்குடா" என்று சொல்லி, மைக் ஓட்டைமேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டார்.

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே விளம்பரக் கம்பெனிகளுக்கு இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே வைஃபை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்டில் நம் இணைப்பைக் காட்டும் எண். நான் தேடியதை வைத்து அம்மா போனுக்கும் விளம்பரம் அனுப்ப அதுவே போதும். மைக்கையே நினைத்துப் பயப்படுகிறவர்கள் மற்ற வழிகளைத் திறந்துபோட்டுவிடுகிறார்கள்.

பார்த்த பக்கங்களின் பட்டியலைப் போனில் விட்டுவைக்காத இன்காக்னிட்டோ என்ற பிரவுசர் வசதியை நம்புவதும் அப்படித்தான். அது மறைப்பது உங்கள் போனைக் கையில் எடுக்கும் மனிதர்களிடமிருந்து. நீங்கள் போகும் தளத்துக்கும் இன்டர்நெட் கம்பெனிக்கும் நீங்கள் வந்தது தெரியும். இதை வைத்து 2020இல் அமெரிக்காவில் கூகுள்மேல் வழக்கே போட்டார்கள். 2024 சமரசத்தில் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. இன்காக்னிட்டோவுக்குள் போய் ஜிமெயிலில் லாகின் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் பேரைச் சொல்லிவிட்டு நுழைவது மாதிரி.

குக்கீ என்பது உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் ஒரு சின்னக் குறிப்பு. அதற்கு அனுமதி கேட்டால் படிக்காமல் 'அக்செப்ட் ஆல்' தட்டுவது நம் எல்லாருக்கும் பழகிவிட்டது. தொல்லை தருவது மூன்றாம் நபர் குக்கீ: நீங்கள் படிக்கும் தளம் வைப்பதல்ல, அந்தப் பக்கத்தில் இடம் வாங்கிய விளம்பரக் கம்பெனி வைப்பது. அதே கம்பெனி பத்தாயிரம் தளங்களில் இருந்தால், பத்தாயிரத்திலும் உங்களை அடையாளம் தெரியும். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020லேயே இதை அடியோடு தடுத்துவிட்டது. அதே ஆண்டு தானும் நிறுத்துவதாகச் சொன்ன குரோம், தள்ளிக்கொண்டே வந்து 2024இல் கைவிட்டது. ஆகவே குரோம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் நீங்களே தடுக்க வேண்டும். ஒன்றிரண்டு தளங்கள் மக்கர் பண்ணலாம். அதற்கு மட்டும் திறந்துவிட்டால் போயிற்று.

குக்கீயை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. ஆப்கள் பார்ப்பது குக்கீயை அல்ல, போனுக்கென்று இருக்கும் விளம்பர எண்ணை. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' பகுதிக்குப் போனால் அதை டிலீட் செய்யலாம். ஐபோன் 2021 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் அனுமதி கேட்கிறது. வேண்டாம் என்று தட்டினால் முடிந்தது. டார்ச் லைட் ஆப்புக்கு லொகேஷன் எதற்கு என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நடப்பது ஜவுளிக்கடை பில் கவுன்டரில். "நம்பர் சொல்லுங்க சார்" என்றதும் பத்து இலக்கத்தையும் ஒப்பிக்கிறோம். கடைக்காரர் அந்தப் பட்டியலை ஃபேஸ்புக்கிலோ கூகுளிலோ ஏற்றலாம். ஏற்றும்போது ஒவ்வொரு நம்பரும் ஒரு நீளமான சங்கேத எழுத்துக் கோவையாக மாறும். நம்பர் வெளியே தெரியாது என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் அதே நம்பரை ஃபேஸ்புக்கும் கூகுளும் அதே முறையில் மாற்றி வைத்திருக்கின்றன. இரண்டு கோவையும் ஒன்றாக இருந்தால் ஆள் நீங்கள்தான். நேற்று பில் போட்ட கடையின் பட்டுப்புடவை விளம்பரம் இன்று உங்கள் ஃபேஸ்புக்கில் வர இதுவும் ஒரு வழி. குக்கீயை அழிக்கலாம். பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் தொங்கும் நம்பரை எப்படி மாற்றுவது?

பில் போட நம்பர் கட்டாயமில்லை. நம்பருக்காக வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இதைச் சொன்னபோது ஒரு கவுன்டர் பையன், "நம்பர் அடிக்காம சிஸ்டம் உள்ள போகாதுங்களே" என்றான். பின்னால் வரிசை நீண்டது, எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்பதைப் பத்துத் தடவை தட்டினான். பில் வந்தது.