தூக்கத்தில் கை ஓங்குபவர் வீட்டில் இருந்தால்

காசிமேடு, ராயபுரம் பக்கம் பல வீடுகளில் ஒரே அறையில் பாய் விரித்து வரிசையாகத்தான் படுக்கிறோம். தூக்கத்தில் அப்பா உதைத்தால் பக்கத்தில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் அடி. காலையில் கேட்டால் அவருக்கு ஞாபகமே இருக்காது. உடனே ஒருவர் "நடிக்கிறார்" என்பார், இன்னொருவர் "காத்து கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார். இரண்டுமே தவறு.

இது உடம்புக் கோளாறு. தூங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி விழித்து எழுந்து நடப்பது ஒரு வகை. விடியற்காலையில் கனவில் வரும் சண்டையைக் கை கால் அசைத்துப் போடுவது இன்னொரு வகை. கனவு காணும்போது தளர்ந்திருக்க வேண்டிய தசைகள் தளராததால் வருவது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம். கை கால் நடுங்கும் பார்கின்சன் என்ற நரம்பு நோய்க்குப் பல வருடம் முன்பே தலைகாட்டலாம். அதனால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

எழுந்து நடப்பவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தாதீர்கள். குறுக்கே நிற்பவர்தான் பெரும்பாலும் அடி வாங்குகிறார். தள்ளி நின்று மெதுவாகப் பேசிப் படுக்கைக்குத் திருப்புங்கள். அரிவாள்மனையை எட்டாத இடத்தில் வையுங்கள். நைட் ஷிஃப்டில் தூக்கம் கெட்டவர் தானாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் ஆபத்துதான். சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் தூக்கத்திலேயே எழுந்து நடக்க வைக்கலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-இல் இதற்காகவே அவற்றுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது.

சரி, பெரிய அசம்பாவிதமே நடந்துவிட்டால்? "தூக்கத்தில் செய்தேன்னு சொன்னா விட்டுடுவாங்க" என்று நம்பாதீர்கள். கனடாவில் 1987-இல் ஒருவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப்போய் மாமியாரைக் கொன்றார். தூக்கத்தில் நடந்தது என்று விடுதலையானார். 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் கொல்லக் காரணமே இல்லை, குடும்பத்தில் பலருக்குத் தூக்கக் கோளாறு இருந்தது என்பதெல்லாம் நிபுணர் சாட்சியத்தோடு அங்கே நிறுவப்பட்டன. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நம் பாரதிய நியாய சன்ஹிதாவில் தூக்கத்துக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. சித்த சுவாதீனம் இல்லாதவருக்கான 22-ஆம் பிரிவைக் கேட்டால், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. தானாக விரும்பிக் குடித்த போதைக்கு விலக்கே இல்லை.

அப்புறம், பயத்தில் அறையைக் கழுவிவிடுவது, எல்லோரும் கூடி ஒரே கதை பேசுவது இரண்டும் வேண்டாம். உண்மையாகவே தூக்கத்தில் நடந்திருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அடிபட்டவரை முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பின்னால் எடுக்கும் தூக்கப் பரிசோதனை கோளாறு இருக்கிறதா என்று காட்டலாம். அந்த இரவில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. அதனால்தான் ஒன்றும் நடக்காத இப்போதே போகச் சொல்கிறேன். எத்தனை மணிக்கு எழுகிறார், யாரை அடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, ஓ.பி. சீட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.