மூலனூர்ப் பக்கம் செங்காந்தள் பார்க்கப் போகிறவர்களுக்கு

நான் மன்னார்குடிக்காரி. செங்காந்தளைச் சங்கப் பாட்டில் படித்ததோடு சரி. போன ஐப்பசியில்தான் நேரில் பார்த்தேன். நீங்களும் புரட்டாசி, ஐப்பசியில் போங்கள். ஆடிவாக்கில் நட்ட கிழங்கு அப்போதுதான் கொடியோடிப் பூத்து நிற்கும்.

தாராபுரத்தில் விடியற்காலையில் மூலனூர் பேருந்தைப் பிடியுங்கள். இறங்கியதும் "செங்காந்தள் எங்கே?" என்று கேட்காதீர்கள், "கண்வலிக் கிழங்குக் காடு எங்கிருக்குதுங்க?" என்று கேளுங்கள், உடனே வழி சொல்வார்கள். காடு என்றால் வனம் இல்லை, இங்கே வயலுக்கே அதுதான் பேர்.

ஒரே ஒரு கொடியின் முன்னால் நின்று கீழிருந்து மேலே பாருங்கள். மேலே புதிதாக விரிந்த பூ மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், கீழே மூத்தது முழுச் சிவப்பு. இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்து ஏறுகிறது. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் சொந்த மகரந்தம் எளிதில் அதில் படாது. அதனால் காலையில் ஆட்கள் பூ பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் குறுக்கே போய்ப் படம் எடுக்காதீர்கள். விதைக்காகத்தான் இத்தனை பாடு. கவுட் என்னும் மூட்டுவலிக்கான கொல்ச்சிசின் மருந்தை அதிலிருந்தும் எடுக்கிறார்கள்.

அதே கொல்ச்சிசின்தான் நஞ்சும். பூ, இலை, விதை, கிழங்கு எதையும் வாயில் வைக்கக் கூடாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். "பூவத் தொட்டுப்போட்டு அப்படியே கைய வாயில வெச்சறாதீங்க அம்மிணி" என்று காட்டுக்கார அம்மா என்னைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போய் நன்றாகக் கழுவ வைத்தார்.

கழுவியபின் அவர் வீட்டில் சந்தகை. எங்கள் ஊர் இடியாப்பம் போலத் தெரியும், ஆனால் செய்முறை வேறு. ஊறவைத்த அரிசியை அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூன்று கால் அச்சில் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும், எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. ஒருவர் இட்லியைப் போட, இன்னொருவர் அழுத்த வேண்டும்; விருந்தாளி என்று உட்கார்ந்திருக்காமல் போய்ப் பிடியைப் பிடியுங்கள். நான் பிடித்தேன், தோள் இரண்டு நாள் வலித்தது.

எலுமிச்சைச் சந்தகையை முதலில் சாப்பிடுங்கள். வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலை அப்புறம் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றியதும் உடனே சாப்பிட வேண்டும், இழை ஊறிக் குழைந்துவிடும்.