குத்துவிளக்கில் விழுந்த கருப்புப் பட்டைகள்

வீட்டுப் பழைய பித்தளைக் குத்துவிளக்கை இணைய ஏலத்தில் போட எடுத்த படங்களில், குறுக்கே மங்கலான கருப்புப் பட்டைகள். நேரில் பளபளப்பு, படத்தில் வரிக்குதிரை. ஒருவர் "விரிசலா அண்ணே?" என்று கேட்டே விட்டார்.

நான்கு நாள் போனது. லென்ஸைத் துடைத்தேன். இங்கே சிங்கப்பூரில் தேக்கா கடைப் பக்கம் போய் வெள்ளை அட்டை வாங்கிப் பின்னால் நிறுத்தினேன். மனைவியின் கைப்பேசியிலும் அதே பட்டை. விளக்கை மறுபடி புளி போட்டுத் தேய்த்ததுதான் மிச்சம்.

பிறகுதான் கவனித்தேன்: காலையில் ஜன்னலோரம் எடுத்த படத்தில் பட்டை இல்லை. அப்படியென்றால் கோளாறு ஹாலில் எரியும் எல்இடியில். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கைப்பேசிக் கேமரா படத்தை வரி வரியாகப் படிப்பதால், ஷட்டர் வேகமாக இருந்தால், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம் குறைவாக இருந்தால், அந்த மங்கல் பட்டையாகப் பதிந்துவிடும். குத்துவிளக்கு நேர் வெளிச்சத்தில் இருந்ததால் தானியங்கி முறை 1/250 நொடிக்கு ஓடியிருந்தது. நாமே வேகத்தை அமைக்கும் 'புரோ' முறையில், ஒரு முழு மங்கல் அடங்கும்படி 1/100 நொடி வைத்தேன். பட்டை போயே போச்சு.

தண்டில் மட்டும் ஒரு பச்சைச் சாயல். களிம்பு என்று நினைத்து மறுபடி புளியை எடுத்துவிட்டேன். தேய்த்த பித்தளை கண்ணாடி மாதிரி. தெரிந்தது நான் போட்டிருந்த பச்சை டீ-சட்டை! வெள்ளைச் சட்டைக்கு மாறி, நாலடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தேன்.

அன்றிரவே படங்களை மாற்றினேன். விரிசல் கேள்வி பிறகு வரவில்லை.